காய்கறி மானியம் கஷ்டப்படுகிறவர்களை எட்ட வேண்டுமானால்…

கேள்வி: எங்கள் அறக்கட்டளை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் காய்கறி, பழம் வாங்க மானியம் தருகிறது. எவ்வளவுக்கு வாங்குகிறார்களோ, அதே தொகைக்குக் கூப்பன். ஆண்டு முடிவதற்குள் நிதி தீர்ந்துவிடுகிறது. ஆனால் மிகவும் கஷ்டப்படுகிற குடும்பங்கள் கூப்பன் வாங்க வருவதே இல்லை. கூடுதல் நிதி இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். வாங்கினால்தான் தருவோம் என்கிற நிபந்தனைதான் இடிக்கிறது. கையில் 1,000 இருப்பவர் 1,000 மானியம் பெறுகிறார். 100 மட்டும் ஒதுக்க முடிகிறவருக்கு 100தான். மாதக் கடைசியில் ஒன்றுமே இல்லாதவருக்கு மானியமும் இல்லை. தேவை கூடக்கூட உதவி குறைந்துகொண்டே போகிறது. ஆண்டுக் கணக்கில் மொத்தச் செலவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

அதனால் நிதியை இரண்டாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல், 10-இல் 6 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், மாதத் தொடக்கத்திலேயே ஆள் கணக்குப்படி கொடுத்துவிடுங்கள். சொந்தக் காசு போட வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு வேண்டாம். அமெரிக்காவில் தாய்-சேய் ஊட்டச்சத்துக்கான ‘விக்’ திட்டம் இப்படித்தான் காய்கறி, பழத்துக்கென்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்குகிறது.

மீதியைத் தள்ளுபடியாகத் தரலாம். ஆனால் பில் போடும்போதே கழிய வேண்டும். கூப்பனைப் பத்திரமாக வைத்திருந்து இன்னொரு நாள் வந்து மாற்றுவது, தினக்கூலிக்குப் போகிறவருக்குப் பெரிய வேலை. அதே அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12-இல் ஒரு சோதனை நடந்தது. உணவு உதவி அட்டையில் காய்கறி, பழத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் உடனே அதே அட்டையில் திரும்ப ஏறியது. மாதத்துக்கு 60 டாலர் உச்சவரம்பு. அந்தச் சலுகை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகமாகக் காய்கறி, பழம் சாப்பிட்டார்கள். கொடுத்தது செலவில் பாதிகூட இல்லை, கவனியுங்கள்.

தனிக் கூப்பனை நீட்டுவதில் இருக்கும் கூச்சமும் சாதாரணமானதல்ல. கடையில் எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரியான அட்டை என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது.

அப்புறம் உச்சவரம்பு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் ஆறு பேர் இருக்கும் வீடு அடிபடும். தலைக்கு இவ்வளவு என்று வையுங்கள். நிதியை 12 மாதத்துக்குப் பங்கிட்டு, கொஞ்சம் இருப்பும் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர் அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடியும் என்பதால், ஒரு தடவைக்குக் குறைந்தது இவ்வளவு வாங்க வேண்டும் என்ற விதி இருந்தால் எடுத்துவிடுங்கள். புதிதாக வருமானச் சான்று கேட்காதீர்கள். ஏற்கெனவே அரசு உதவி பெறுகிற அட்டையே போதும்.

பட்டியலில் பெயர் இருந்தும் மூன்று மாதமாகக் கூப்பன் எடுக்காத குடும்பங்கள் யார் யார் என்று இந்த வாரமே பாருங்கள். என்ன தடை என்று அவர்களிடமே கேளுங்கள். முதல் மாதத் தொகையை அவர்களிலிருந்தே தொடங்கலாம்.