பெட்டியின் பிறேக் விளக்கு: முதலில் எர்த்தைப் பாருங்கள்

வணக்கம். பிறேக்கை மிதிக்கும்போது உங்கள் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியின் பின்விளக்குகள் மங்கி, சிக்னலும் இலேசாக எரிகிறது என்றும், பல்புகளை இரு தடவை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பல்புகள் மீது குற்றமில்லை. பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பே, விட்டுப்போயிருக்கும். திரும்பிச் செல்ல வழியற்ற மின்சாரம் பக்கத்து இழையினூடாக வழி தேடுவதால்தான் எரியக் கூடாத விளக்கு எரிகிறது.

பற்றரியின் நெகற்றிவ் முனையிலிருந்து நீண்ட வயர் ஒன்றை எடுத்து, விளக்கின் உலோகக் கூட்டில் தொட்டுப் பிடித்தபடி, இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் உடனே சீரானால் சந்தேகம் தீர்ந்தது. பெட்டியைக் கொழுவும் இரும்பையே எர்த்தாக நம்பிவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் 21 வாற் பல்புகள் இரண்டும் இழுக்கும் ஏறத்தாழ 3.5 அம்பியர் மின்சாரம், கிரீசும் துருவும் படிந்து குலுங்கும் அந்த இரும்பினூடாக ஒழுங்காகப் பாயாது. ஆகையால் பெட்டியின் விளக்கு வயர்களை உழவு இயந்திரத்தோடு இணைக்கும் பிளக்கினூடாகத் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்றைச் சுரண்டிய பெட்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். 12 வோல்ற் ஏழு முனைப் பிளக்கில் வழமையாக 3ஆம் முனையே எர்த்துக்குரியது.

பழைய வயரையும் வெட்டிப் பாருங்கள். ஊர்காவற்றுறைக் கடற்காற்றில் நின்ற என் பெட்டியில், உறை புதிதுபோல் இருக்க, உள்ளே செம்பு பச்சைத் தூளாகிக் கிடந்தது.