ஃபரோ தீவுகளின் கால்பந்து லீக்: கேள்வி பதில்

2023இல் கே.ஐ. கிளாக்ஸ்விக் அணி ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்க வைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த லீக்கைப் பல வருடங்களாகப் பின்தொடர்பவன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஃபரோ தீவுகள் தனி நாடா, டென்மார்க்கில் ஒரு மாவட்டமா? எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில், வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் 18 தீவுகள். மக்கள் தொகை சுமார் 54,000. டென்மார்க் அரசின் கீழ்தான் வருகிறது, ஆனால் 1948 முதல் தன்னாட்சி உண்டு. சொந்த மொழி, சொந்தக் கொடி, சொந்த நாடாளுமன்றம் எல்லாம் இருக்கின்றன. கால்பந்தைப் பொறுத்தவரை சந்தேகமே வேண்டாம், தனி நாடுதான்: ஃபிஃபாவில் 1988இல் சேர்ந்தது, ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஃபாவில் 1990இல்.

கேள்வி: லீக்கில் எத்தனை அணிகள்? சீசன் எப்போது?

பத்து அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் மூன்று முறை மோதும், ஆக 27 ஆட்டங்கள். கடைசி இரண்டு இடத்துக்காரர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவார்கள். மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடியும். குளிர்காலத்தில் அங்கே பகல் வெளிச்சமே சில மணி நேரம்தான், அதோடு புயல் காற்று வேறு. அதனால் மற்ற ஐரோப்பிய நாடுகளைப் போல ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஆட முடியாது.

கேள்வி: 2023 சீசனை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள் சார்? சாம்பியன் அணி வருடா வருடம் வரத்தானே செய்கிறது?

உள்நாட்டில் அந்த வருடம் கே.ஐ. வென்றது அதன் 21ஆவது பட்டம். அதோடு நின்றிருந்தால் நானும் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

கிளாக்ஸ்விக் சுமார் 5,000 பேர் வாழும் மீன்பிடி ஊர். அந்த ஊர் அணி ஜூலையில் ஐரோப்பாவின் முதல்நிலைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷைச் சந்தித்தது. தொடர்ந்து ஐந்து முறை ஹங்கேரி சாம்பியனாகி வந்திருந்த அணி அது. முதல் ஆட்டம் 0-0. சரி, சொந்த மண்ணில் தடுத்து ஆடிவிட்டார்கள், புடாபெஸ்டில் கதை முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே போய் 3-0 என்று ஜெயித்தார்கள்! ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு கோல், லூக் காஸி ஒன்று. தோற்ற கையோடு ஃபெரென்ஸ்வாரோஷ் தன் பயிற்சியாளர் செர்செசோவை வேலையை விட்டே அனுப்பியது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவைக் காலிறுதி வரை கூட்டிச்சென்றவர் அவர்.

அடுத்து ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கன். முதல் ஆட்டம் மறுபடியும் 0-0. இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரம் முடிந்தும் 3-3. பெனால்டியில் 4-3 என்று கே.ஐ. தாண்டியது. மூன்றாவது சுற்றில் நார்வேயின் மோல்டேயை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வீழ்த்தினார்கள். மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில்தான் 2-0 என்று விழுந்தார்கள். அதன் பிறகு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் தகுதி ஆட்டத்தில் மால்டோவாவின் ஷெரிஃப் அணியிடம் 1-1, 1-2.

இப்படித் தோற்றும் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றுக்குள் இடம் கிடைத்தது. ஒரு ஃபரோ கிளப் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் குழுச் சுற்றுவரை போனது அதுவே முதல் தடவை. அங்கே பிரான்சின் லீல் அணியைத் தலைநகர் டோர்ஷவ்னில் 0-0 என்று நிறுத்தினார்கள். ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியுப்லியானாவை அதே மைதானத்தில் 3-0 என்று வென்றார்கள். நான்கு புள்ளிகளோடு குழுவில் கடைசி இடம்தான். ஆனால் அந்த நான்கு புள்ளியும் எனக்கு மனப்பாடம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே கே.ஐ. 2009இல் தரமிறங்கி, 2010 முழுவதும் இரண்டாம் பிரிவில் ஆடிய அணி. 1999க்குப் பிறகு அடுத்த பட்டத்துக்கு 2019 வரை, இருபது வருடம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு தெரிந்தவர்களுக்குத்தான் 2023இன் ருசி தெரியும்.

கேள்வி: ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்கிறார்களே, உண்மையா? மிகைப்படுத்துகிறார்களோ?

உண்மைதான். லீக் அரைத்தொழில்முறை லீக். பெரிய கிளப்புகளில் முழுநேர ஆட்டக்காரர்கள் உண்டு, வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் பலர் அப்படித்தான். ஆனால் உள்ளூர்ப் பையன்களில் பெரும்பாலோர் தச்சு வேலை, மின்வேலை, பள்ளிக்கூடம், மீன் தொழிற்சாலை, படிப்பு என்று ஏதோ ஒன்றில் இருப்பார்கள். வேலை முடிந்து சாயங்காலம் பயிற்சி. வெளிநாட்டு ஆட்டம் என்றால் முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும்.

இதை ஒரு பரிதாபக் கதையாக எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டம், உடல் தகுதி, அணி ஒழுங்கு எதிலும் அவர்கள் சலுகை கேட்பதில்லை. 'மீனவர்கள் அணி' என்று சிரித்துக்கொண்டு வந்த எதிரணிகள்தான் மேலே சொன்ன பட்டியலில் இருக்கின்றன.

கேள்வி: மலையும் பாறையுமான ஊரில் மைதானம் எப்படி? புல் வளருமா?

புல் மலையெங்கும் வளரும், ஆடுகள் மேய்வதே அதில்தான். ஆனால் அந்த மழைக்கும் காற்றுக்கும் நல்ல ஆடுகளப் புல்லைப் பராமரிப்பது பெரும்பாடு. ஒரு காலத்தில் மண்ணும் சரளையுமான களங்களில்தான் ஆடினார்கள். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். இப்போது முதல் பிரிவில் எல்லாமே செயற்கைப் புல்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்கிறேன். திரையில் பார்த்த ஓர் ஆட்டம்: கேமரா கண்ணாடி முழுக்க மழைத்துளி. கார்னர் அடிக்க வந்தவர் பந்தை வைக்கிறார், இரண்டடி பின்னால் போகிறார், பந்து தானாக உருண்டு கோட்டைத் தாண்டுகிறது. மறுபடி வைக்கிறார். மறுபடி உருள்கிறது. மூன்றாவது முறை வைத்துவிட்டுப் பின்னால் போகவே இல்லை, நின்ற இடத்திலிருந்தே அடித்துவிட்டார். களத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்களில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்காக. கோல் விழுந்ததும் கைதட்டலுக்குப் பதில் ஹாரன் சத்தம்.

காற்றுக்கு எதிராக ஆடும் பாதியில் தரையோடு பந்தைக் கடத்துவது, காற்றோடு ஆடும் பாதியில் தூரத்திலிருந்தே கோலைச் சோதிப்பது, இது அங்கே சின்ன வயதிலேயே படியும் பாடம். வெளியிலிருந்து வரும் அணிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: அதிகப் பட்டம் வென்றது கே.ஐ.தான் என்று நண்பன் சொல்கிறான். சரியா?

இல்லை. தலைநகர் டோர்ஷவ்னின் எச்.பி. அணிதான் முதலிடம், 2020இல் வென்றது அதன் 24ஆவது பட்டம். இரண்டு கிளப்புகளும் தொடங்கியது ஒரே வருடம், 1904. ஆனால் 1942இல் லீக்கின் முதல் சாம்பியன் கே.ஐ.தான், அந்த வகையில் உங்கள் நண்பர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எல்லாவற்றிலும் பழைய கிளப் தெற்கே சுதுரோய் தீவில் இருக்கும் டி.பி. டுவோராய்ரி, 1892இல் தொடங்கியது.

கேள்வி: பழைய சாம்பியன் பட்டியலில் 1944 மட்டும் காலியாக இருக்கிறதே? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. பந்து கிடைக்காததால் அந்த வருடம் போட்டியே நடக்கவில்லை.

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்ததும், சில நாட்களிலேயே பிரிட்டிஷ் படை ஃபரோ தீவுகளில் இறங்கிவிட்டது. போர் முடியும்வரை அங்கேயே இருந்தது. டென்மார்க்கோடு தொடர்பு அறுந்துபோனது. மீன் ஏற்றிப்போன கப்பல்கள் பல திரும்பி வரவில்லை. அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 1942இல் தேசிய லீக்கையே தொடங்கினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆட ஆளிருந்தும் உதைக்கப் பந்து இல்லாமல் ஒரு வருடம் போயிருக்கிறது. 1945இல் மறுபடி தொடங்கி, அதையும் கே.ஐ. வென்றது.

கேள்வி: தீவு விட்டுத் தீவு ஆடப் போவது எப்படி? படகிலா?

முன்பு படகு. இப்போது பெரும்பாலும் சுரங்கப்பாதை. கிளாக்ஸ்விக் ஊரை 2006இல் கடலடிச் சுரங்கம் இணைத்தது. 2020 டிசம்பரில் திறந்த எய்ஸ்டுரோய் சுரங்கம் 11 கிலோமீட்டர் நீளம், கடலுக்கு அடியில் அதன் நடுவே ஒரு ரவுண்டானாவே இருக்கிறது. டோர்ஷவ்னிலிருந்து எய்ஸ்டுரோய் தீவின் ரூனவிக் ஊருக்குப் போக முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, இப்போது கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். வேலை முடிந்து பயிற்சிக்கு ஓடும் ஆட்டக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பக்கத்துத் தீவில் குடியிருந்துகொண்டே டோர்ஷவ்ன் அணிக்கு ஆடலாம்.

சுதுரோய்க்கு மட்டும் சுரங்கம் கிடையாது. ஸ்மீரில் என்ற கப்பலில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் ஆட்டம் தள்ளிப்போகும். அங்கே இளைஞர்கள் தலைநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருப்பதால் அணிகளும் மெலிந்துவிட்டன. 2017இல் தீவின் மூன்று கிளப்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே அணியாகக்கூட ஆடிப் பார்த்தன. 2000இல் வாகூர் என்ற ஊர் அணி நாட்டுக்கே சாம்பியனான தீவு அது. இந்த லீக்கில் எனக்கு வருத்தம் தரும் விஷயம் என்று கேட்டால் சுதுரோயைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஐரோப்பியப் பணம் வந்த பிறகு கே.ஐ. மட்டுமே ஜெயிக்கும் லீக்காக ஆகிவிடாதா? ஸ்காட்லாந்து, ஜெர்மனி எல்லாம் பார்க்கிறோமே.

எனக்கும் இருந்த பயம்தான். கான்ஃபரன்ஸ் லீக் குழுச் சுற்றில் நுழைந்ததற்கு மட்டுமே அப்போது 29.4 லட்சம் யூரோ, நம் கணக்கில் சுமார் 26 கோடி ரூபாய். 5,000 பேர் ஊர் கிளப்புக்கு இது எத்தனையோ வருட வரவு செலவு. 2021, 2022, 2023 என்று மூன்று பட்டம் வரிசையாக வந்தபோது லீக் முடிந்துபோன கதை என்றே பலர் பேசினார்கள்.

2024இல் விக்கிங்கூர் சாம்பியன். கோட்டா, லெய்ர்விக் என்ற இரண்டு சின்ன ஊர்களின் கிளப்புகள் 2008இல் இணைந்து உருவான அணி இது. 2016, 2017இலும் வென்றிருக்கிறது. இருந்தாலும் பணத்தின் இழுப்பு போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு கிளப் ஜெயிக்க ஜெயிக்க, நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேயே சேர்வார்கள். கூட்டமைப்பு அந்தப் பணத்தில் கூடுதல் பங்கை மற்ற கிளப்புகளின் இளையோர் பயிற்சிக்குத் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பெண்கள் லீக் உண்டா அக்கா/அண்ணா?

அண்ணாதான் அம்மா. உண்டு, 1985 முதல். 2000 முதல் 2016 வரை ஒரு வருடம்கூட விடாமல் கே.ஐ. பெண்கள் அணியே சாம்பியன், 17 பட்டங்கள். ஆண்கள் அணி இருபது வருடம் பட்டம் இல்லாமல் தவித்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் காலத்தில் கிளாக்ஸ்விக் ஊரின் மானத்தைக் காத்தவர்கள் இந்தப் பெண்கள்தான். 2023 பற்றி எழுதியவர்களில் யாரும் இவர்களைச் சொல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

கேள்வி: குல்லா போட்ட கோல்கீப்பர் ஃபரோக்காரர்தானே?

ஆமாம், யென்ஸ் மார்ட்டின் க்னுட்சென். சின்ன வயதில் தலையில் அடிபட்டதால் கம்பளிக் குல்லாவோடு ஆடினார். 1990 செப்டம்பர் 12, ஃபரோ தேசிய அணியின் முதல் ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். உள்நாட்டில் புல்தரை மைதானம் இல்லாததால் ஸ்வீடனின் லேண்ட்ஸ்க்ரோனாவில் ஆட வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் டோர்கில் நீல்சென், அவர் நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட.

கேள்வி: கொரோனா சமயத்தில் டிவியில் இந்த லீக் காட்டினார்களாமே?

2020 மே 9இல் சீசனைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான மைதானங்கள் பூட்டிக்கிடந்த நேரம். நார்வேயின் டிவி-2 உரிமை வாங்கி ஒளிபரப்பியது.

கேள்வி: அடுத்த சீசனிலிருந்து பார்க்க ஆசை. எந்த அணி, எந்த ஆட்டம், நம் நேரம் என்ன?

அங்கே மார்ச் கடைசியிலிருந்து கோடை நேரம். மாலை 5 மணி ஆட்டம் என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 9.30. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து உட்கார வசதியான நேரம்.

அணியை நான் சொல்ல மாட்டேன், அது தானாக அமைய வேண்டும். ஆட்டம் சொல்கிறேன். முதலில் எச்.பி.யும் பி-36 அணியும் மோதும் டோர்ஷவ்ன் டெர்பி. இரண்டுக்கும் வீடு ஒரே குண்டடாலூர் மைதானம்தான், தோற்றவர் மறுநாள் ஜெயித்தவர் முகத்தில் விழிக்காமல் இருக்க முடியாது. அப்புறம் ரூனவிக் ஊரின் என்.எஸ்.ஐ.யும் பக்கத்து ஊர் பி-68 டோஃப்டிரும். என்.எஸ்.ஐ.க்காக 200 கோலுக்கு மேல் அடித்து லீக்கின் எல்லாக் காலத்து முதல் கோல்காரரான கிளெமிண்ட் ஓல்சென் வளர்ந்த மண் அது. மூன்றாவதாக, கிளாக்ஸ்விக்கில் கே.ஐ. ஆடும் எந்த ஆட்டமும். கோல் கம்பத்துக்குப் பின்னால் மலை நிற்கும், பாருங்கள்.