ஸ்டேன் படத்தில் நீதிபோதனை தெரிகிறது, ஓஸ்டாடாவின் குடியானவர் படத்தில் ஏன் தெரியவில்லை?

ஸ்டேன், ஓஸ்டாடா இருவரும் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள். வியன்னாவில் உள்ள யான் ஸ்டேனின் 1663 ஓவியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நீதிபோதனை சொன்ன முறையையே, உங்கள் கட்டுரையில் ஓஸ்டாடா வரைந்த குடியானவர் வீட்டுப் படத்துக்கும் போட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

ஸ்டேன் படத்தில் கீழே வலப்பக்கம் இருக்கும் கற்பலகையை முதலில் படியுங்கள். 'வசதி வந்தால் விழிப்பாயிரு' என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருக்கும். அடுத்து அண்ணாந்து பாருங்கள். உட்கூரையில் தொங்கும் கூடையில் ஊன்றுகோல், வாள், பிரம்புக்கட்டு எல்லாம் இருக்கின்றன. வறுமையும் தண்டனையும் எந்நேரமும் தலையில் விழலாம் என்று அர்த்தம். வீட்டுக்காரி தூங்குகிறாள், நாய் மேசை மேலேறித் தின்கிறது, குரங்கு கடிகாரத்தை நோண்டுகிறது. எல்லாமே அன்றைய டச்சுக்காரர்களுக்குத் தெரிந்த பழமொழிகள், ஆகவே பொருள் சொல்வது எளிது.

ஆட்ரியான் வான் ஓஸ்டாடா (1610–1685) வேறு ரகம். இளவயதுப் படங்களில் குடி, சூதாட்டம், அடிதடி. அங்கே எச்சரிக்கை இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் வாங்கியவர்கள் நகரத்தார். நாட்டுப்புறத்தானைப் பார்த்துச் சிரிப்பதும் அதில் ஒரு பங்கு. பிற்காலப் படங்களில் சண்டை அடங்கி, குடும்பம் வருகிறது. 1653-இல் செய்த செதுக்கோவியத்தில் (தகட்டில் பொறித்து அச்சிடும் படம்) எளிய குடும்பம் உணவுக்கு முன் ஜெபிக்கிறது. கண்டிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, இருந்தால் பாராட்டுதான்.

உடைந்த குடத்தைக் கண்டதும் 'கற்பு போயிற்று' என்று எழுதாதீர்கள். பக்கத்தில் காதல் ஜோடியோ, அதைச் சுட்டும் வேறு பொருளோ இல்லையென்றால் அது வெறும் உடைந்த குடம். கலை வரலாற்றாசிரியர்களில் எடி தெ யோங்க் இத்தகைய டச்சுப் படங்களில் மறைபொருள் தேடினார், ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் அதை மறுத்தார்; கட்டுரையில் இருவரையும் குறிப்பிடுங்கள். படத்தின் தலைப்பைச் சான்றாகக் காட்ட வேண்டாம், பெரும்பாலானவை பிற்காலத்தவர் வைத்தவை.