பந்து வரும்போது பின்வாங்கும் கால்

கேள்வி: எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்தாள். வீட்டு முற்றத்தில் அவள் அப்பா மெதுவாகப் போடும் பந்துகளை நன்றாக அடிக்கிறாள். ஆட்டத்திலோ பந்து வரும்போது இடது கால் பின்னால் விலகிவிடுகிறது. மட்டை பந்தை எட்டுவதில்லை. உடற்கல்வி ஆசிரியர் மலையாளத்தில் ஒன்று சொல்ல, அவள் அப்பா வெளியே நின்று தமிழில் வேறொன்று சொல்ல, பிள்ளை குழம்பிப்போய், "எனக்கு வராது, விட்டுவிடுகிறேன்" என்கிறாள். காலை எப்படிச் சரிசெய்வது?
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: காலை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள், அம்மா. தங்கள் மகள் வலக்கை ஆட்டக்காரி என்று கொள்கிறேன். எறிபவரின் கையை விட்டுப் பந்து புறப்படும்போது அவளுடைய இடது கால் மூன்றாம் பேஸ் (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடங்களில் மூன்றாவது; அவளுக்கு முதுகுப் பக்கம்) இருக்கும் திசையில் விலக, அதன் பின்னே இடுப்பும் தோளும் தலையும் அப்பக்கமே திரும்பிவிடுகின்றன. அதனால்தான் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளி வரும் பந்தை மட்டை தொடுவதில்லை. மெதுவான பந்துக்கு இப்படி நேர்வதில்லை என்று தாங்களே எழுதியிருப்பதால், இதை மட்டை வீச்சின் குறையாக நான் கருதவில்லை. இது பந்து மேலே பட்டுவிடுமோ என்ற பயம். காலுக்குப் பின்னால் பலகையோ செங்கல்லோ வைத்துத் தடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விலக வழியில்லை என்று தெரிந்தால் பயம் கூடும். கால் இடறிச் சுளுக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

பயப்படக் காரணமும் இருக்கிறது. 12 அங்குலச் சுற்றளவுள்ள சாஃப்ட்பால் பந்து ஏறக்குறைய 180 முதல் 200 கிராம் வரை எடையுள்ளது. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்துகூட 163 கிராமைத் தாண்டுவதில்லை. பெண்கள் ஆட்டத்தில் ஹோம் பிளேட்டுக்கும் (அடிப்பவர் அருகே தரையில் பதித்த தட்டு) பந்தெறியும் இடத்துக்கும் இடையே 43 அடிதான். எறிபவர் ஓரெட்டு முன்வைத்தே பந்தை விடுகிறார் என்பதால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகப் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவுசெய்து, மட்டையையும் வீசி முடிக்க அரை நொடிதான் கிடைக்கும்.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு அவள் அடிக்கவே வேண்டாம். ஹெல்மெட் அணிந்து, மட்டையை ஏந்தித் தன் இடத்தில் நிற்கட்டும். அப்பா டென்னிஸ் பந்தை இடுப்பருகிலிருந்து கீழ்க்கையாக எறிய, அவள் பந்தைக் கடைசிவரை பார்த்து "ஸ்ட்ரைக்" அல்லது "பால்" என்று உரக்கச் சொன்னால் போதும். பந்து அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் பிளேட்டின் மேல் கடந்தால் ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத் தக்க பந்து; மற்றவை பால். இதற்குப் பழகியதும், உடம்பை நோக்கி வரும் பந்துக்கு எப்படித் திரும்புவது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். முகவாயைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மட்டையைத் தாழ்த்தி, எறிபவருக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகத் திரும்ப வேண்டும். டென்னிஸ் பந்து முதுகில் நாலு முறை பட்டால் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சிரிப்பு வந்த பிறகு காலைப் பற்றி யாரும் பேச வேண்டியிருப்பதில்லை. ஆட்டத்தில் முகக் கம்பியுள்ள ஹெல்மெட் இல்லாமல் அவளை நிற்க விடாதீர்கள்.

அடுத்தது மட்டை. அதன் கைப்பிடி நுனியை ஒரு கையால் பிடித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி அவளால் அசையாமல் சிறிது நேரம் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மட்டை தொங்கிப்போனால் அது அவளுக்குக் கனம். பெரிய அக்காமார் ஆடும் மட்டையைச் சிறுமியிடம் கொடுத்துவிட்டு அவள் தாமதமாக வீசுகிறாள் என்று குறைசொல்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது.

வீச்சைப் பழக்க பேட்டிங் டீயை (பந்தை மேலே வைத்து அடிக்க உதவும் கம்பம்) விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் இட்டு, ஒரு பி.வி.சி. குழாயை நட்டு, அதன் வாயில் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் போதும். அதை முன்காலுக்கு நேராக, இடுப்பளவுக்குச் சற்றுத் தாழ்வாக நிறுத்தி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே தளர்வாகக் கட்டிய வலையை நோக்கி அடிக்கட்டும். மட்டையை உள்ளங்கையில் புதைக்காமல் விரல்களில் பிடிக்க வேண்டும். எடை முதலில் பின்காலில் இருக்க, முன்கால் மெல்ல ஓரெட்டு வைத்து ஊன்றிய பிறகே இடுப்பு திரும்பும். கை அதைத் தொடரும். பந்தில் மட்டை படும்போது மட்டையில் மேலே பிடித்த கையின் உள்ளங்கை வானத்தையும் கீழே பிடித்த கையின் உள்ளங்கை மண்ணையும் பார்த்திருந்தால் வீச்சு சரியாக அமைந்திருக்கிறது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது வீச்சு போதும். களைத்த பிறகு அடிக்கும் ஒவ்வொரு அடியும் தவறான பழக்கத்தையே ஊட்டும். பக்கத்திலிருந்து மேலே தூக்கிப்போடும் காகிதப் பந்துப் பயிற்சியை ஆடி மாதத்தில் தள்ளிவையுங்கள். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைப் பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோய்விடும்!

இனி அவள் அப்பாவுக்கு. ஆசிரியரை நேரில் பார்த்து, இந்த மாதம் அவளுக்குச் சொல்லப்போகும் ஒரே சொல் எது என்று கேட்டறிந்து, வீட்டிலும் அதையே சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும்போது அதையும் சொல்லாதீர்கள். பந்து புறப்பட்ட பின் காதில் விழும் எந்த அறிவுரைக்கும் அந்த அரை நொடியில் இடமில்லை. பத்து வாய்ப்பில் மூன்று முறை அடித்து பேஸை அடைபவரே இவ்விளையாட்டில் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வாங்குகிறார். எனவே எத்தனை அடித்தாள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை ஸ்ட்ரைக் பந்துகளுக்குத் தயங்காமல் மட்டையை வீசினாள் என்று அவளையே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். நேராகப் பறந்து எதிரணியின் கையில் சிக்கிய பந்தும் அந்த நோட்டில் நல்ல கணக்காகவே ஏறட்டும்.

கேள்வி: தோட்டத்தில் நாள்தோறும் கிரிக்கெட் ஆடும் மகனை சாஃப்ட்பாலில் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடுமா?
— ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: கெடாது. தரையில் பட்டு எழும் பந்துக்காக மட்டையைச் செங்குத்தாக இறக்கிப் பழகிய கை, தரையைத் தொடாமல் வரும் பந்துக்குக் கிடையாக வீச முதலில் மறுக்கும்; டீயில் வைத்து அடிக்கவிட்டால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். அவனுக்குக் கடினமாக இருக்கப்போவது வேறொன்று. கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமலும் நிற்கலாம். சாஃப்ட்பாலில் பந்து களக்கோட்டுக்குள் விழுந்துவிட்டால் 60 அடி தொலைவிலுள்ள முதல் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். அடித்த பந்தை ரசித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் இருந்தால், முதல் நாளிலிருந்தே மட்டையைக் கீழே விட்டுவிட்டு ஓடவும் சேர்த்துப் பழக்குங்கள்.