சிறுநீர் நிறத்தை விடுங்கள், அரிப்பைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். 3 மாதமாக மூட்டுவலிக்கு மஞ்சள் கேப்சூல், தூக்கத்துக்கு அஸ்வகந்தா, கூடவே ஒரு வைட்டமின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதன் அடையாளம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து ஒரே பயம். 10 நாளாக உடம்பு அரிக்கிறது, சாப்பாடும் இறங்கவில்லை, கவலையால் இருக்கலாம். மூலிகைதானே என்று டாக்டரிடம் இவற்றைச் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாரோ?

பதில்: சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பளிச் மஞ்சள், வைட்டமின் மாத்திரையில் இருக்கும் பி2 செய்கிற வேலை. உடம்புக்குத் தேவைப்படாதது வெளியே போகிறது, அவ்வளவுதான். அதைத் தேடித் தேடிப் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அரிப்பும் பசியின்மையும். கவலையால் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். கல்லீரல் வீங்கி, பித்தம் சரியாக வடியாதபோதும் இப்படித்தான் தொடங்கும். மஞ்சள் கேப்சூல், அஸ்வகந்தா இரண்டுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. பெரும்பாலும் ஆரம்பித்த சில மாதங்களுக்குள். உங்கள் 3 மாதமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

சமையலில் போடும் மஞ்சள்தானே என்பீர்கள். இல்லை. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், மஞ்சள் தூளில் 100-க்கு ஏறக்குறைய 3 பங்கு. பல கேப்சூல்களில் இருக்கும் சாற்றில் 95 பங்கு. போதாததற்கு மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள், ரத்தத்தில் அதிகமாக ஏற வேண்டும் என்று. மிளகுச் சத்து வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். இவ்வளவு வேலை செய்கிற பொருளை மருந்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கேப்சூலையும் அஸ்வகந்தாவையும் இன்றே நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். நாளைக்கே டாக்டரைப் பார்த்து, பிலிருபின் (பித்தத்தில் இருக்கும் மஞ்சள் நிறமி) அளவு உள்ளிட்ட கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் வெள்ளை மஞ்சளானாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, விடாமல் வாந்தி, மந்தம், பேச்சில் குழப்பம் என்று வந்தாலோ நாளை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பயப்படாதீர்கள், நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தானாகவே தேறிவிடும். சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பரிசோதனையில் பாதிப்பு தெரிந்தால், அரிப்பு அடங்கிய பிறகும் ‘பாதி அளவு மட்டும்’ என்று மறுபடி தொடங்கக் கூடாது. இரண்டாவது முறை இன்னும் கடுமையாக வரும் ஆபத்து உண்டு.

திட்டுவாரோ என்று தயங்குகிறீர்கள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் வைரஸ், பித்தக்கல் என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடாமல், லேபிளோடு அப்படியே பையில் போட்டு எடுத்துப் போய் அவர் மேசையில் வையுங்கள்.