முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்35 வகை சரக்கு லாரி பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். ரியோ நிறுவனம் வடிவமைத்து 1950 வாக்கில் படையில் சேர்ந்த ஆறு சக்கர இயக்க வண்டி இது. இரண்டரை டன் லாரி என்று பெயர். அது கரடுமுரடான வழியில் ஏற்றும் பாரம். நல்ல சாலையில் 5 டன் வரை தாங்கும். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது, பலவகை எரிபொருளில் ஓடும் மல்டிஃப்யூல் எஞ்சின் உள்ள எம்35ஏ2. அதனால் பதில்களும் அந்த வண்டியை மனதில் வைத்தே.

கேள்வி: அண்ணா, ஏலத்தில் ஒரு எம்35ஏ2 எடுத்திருக்கிறேன். பல வருஷமாக ஒரே இடத்தில் நின்ற வண்டி. பேட்டரி மாற்றிவிட்டேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய என்னென்ன செய்ய வேண்டும்?

தம்பி, எனக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான் தொடங்குகிறது. எல்லாருக்கும் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிரேக் பார்த்தாயா?

இந்த வண்டியின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் கிளம்புகிறது. அந்த அழுத்தத்தை ஏர் பேக் என்கிற பூஸ்டர் காற்றின் பலத்தால் பல மடங்காக்கி, ஆறு சக்கரத்துக்கும் அனுப்புகிறது. காற்று இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். காலில் முழு பலமும் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆயில் போனால் எதுவும் இல்லை. ஆறு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. இன்றைய கார்களில் இருப்பதுபோல முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலோ, ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ, பெடல் பலகை வரை போய்விடும். காற்று மீட்டரில் முள் நிமிர்ந்து நிற்கும், காற்று குறைந்தால் அலறும் பஸ்ஸர் வாயே திறக்காது, வண்டி மட்டும் நிற்காது. ஏர் பிரேக் இருக்கிறதே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் முதல் வேலை, ஆறு டிரம்மையும் கழற்றிப் பார்ப்பது. அச்சின் நுனித் தகட்டு போல்ட்டுகளை எடுத்து ஆக்சில் ஷாஃப்ட்டை உருவினால் பேரிங் நட்டு தெரியும். வெளி நட்டு, பூட்டுத் தகடு, உள் நட்டு என்ற வரிசையில் இருக்கும். ஹப்பும் டிரம்மும் தனியாகத் தூக்க முடியாத பாரம். சக்கரத்தைக் கழற்றாமல், தரையில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடு ஒன்றைப் போட்டு, டயர் அதில் லேசாக உட்காரும்படி ஜாக்கியை இறக்கினால், சக்கரம், ஹப், டிரம் மூன்றும் சேர்ந்து வெளியே வழுக்கி வந்துவிடும். ஆனால் ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. அச்சுக்கு ஸ்டாண்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை.

டிரம் வந்ததும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரல் நகத்தால் கொஞ்சம் விலக்கிப் பார். உள்ளே காய்ந்து சுத்தமாக இருந்தால் சரி. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு வந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. தேய்த்து மெருகேற்றி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, புதிதாக மாற்று. லைனிங் கறுத்து கிரீஸ் வாசனை அடித்தால், ஹப்பின் உள் சீல் போய் கியர் ஆயில் இறங்கியிருக்கிறது. சீலும் லைனிங்கும் சேர்ந்தே மாற வேண்டும். முன் சக்கரங்களுக்கும் பின் அச்சுகளுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பார். வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடு. வயது அவற்றைத் தின்றிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு எஞ்சினுக்கு வா. ஆயில், தண்ணீர் பார்ப்பது உனக்கே தெரியும். டீசல் டேங்கில் தேங்கிய பழையதை முழுக்க வடித்து, எரிபொருள் வடிகட்டிகளை மாற்று. அதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெகுநாள் நின்ற வண்டியில் இன்ஜெக்ஷன் பம்ப்பின் உள்பாகம் முழு எரிபொருள் நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்டார்ட் ஆன நொடியில் எஞ்சின் தலைதெறிக்க ஏறும். எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் அடங்காது. எனவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காற்று போகும் குழாயைத் திறந்து வைத்து, அந்த வாயை முழுதாக மூடும் அளவுக்குத் தடித்த பலகை ஒன்றுடன் ஒருவரை அருகில் நிறுத்து. ஏறினால் அவர் பலகையை அழுத்தி மூட வேண்டும். காற்று இல்லாமல் எஞ்சின் செத்துவிடும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது. எஞ்சினுக்குக் காற்றை உறிஞ்சித் தள்ளும் டர்போ இழுத்துக்கொள்ளும்.

ராணுவமே அச்சிட்ட கையேடு இருக்கிறது: ஓட்டுநருக்கு டிஎம் 9-2320-361-10, பணிமனைக்கு அதே எண்ணில் 20 என்று முடிவது. ஸ்பானர் வாங்கும் முன் அதை வாங்கிப் படி.

கேள்வி: பிரேக் ஆயில் ஊதா நிறத்தில் இருக்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. ஊதா நிறம் என்றால் அது டாட் 5 சிலிகான். 1980களில் அமெரிக்க ராணுவம் சிலிகானுக்கு மாறியது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. சிலிகான் ஆயில் ஈரத்தை இழுக்காது. அது நல்ல குணம்தான், ஆனால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தனியாகத் தங்கி, அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் பைப்புகளை முழுக்கக் கழுவி, ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும்.

அதை விட, ஆயில் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். மூடிய வழியில் ஆயில் தானாகக் குறையாது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் பக்கத் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. தரைத் தகட்டைத் தூக்கினால்தான் மூடி தெரியும். எட்டாத இடம் என்பதால் பலரும் பார்ப்பதே இல்லை. மாதம் ஒரு முறையாவது தகட்டைத் தூக்கி அளவைப் பாருங்கள். ஆயில் வழியில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது ஏர் பேக்கில் தொடங்கி, பிறகு சக்கரங்களுக்குப் போங்கள்.

கேள்வி: பின்னால் வந்த கார்க்காரர் உங்கள் பிரேக் லைட் எரியவே இல்லை என்கிறார். பல்பு, வயர் எல்லாம் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கின்றன.

மூன்று நெம்புகோல் உள்ள லைட் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது? ஆஃப் என்ற இடத்தில் இருந்தால் இந்த வண்டியில் பிரேக் லைட் எரியாது. எதிரி கண்ணில் படாமல் இருட்டில் போக வேண்டிய வண்டி. மறந்து பிரேக் மிதித்தாலும் பின்னால் வெளிச்சம் வரக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பகலில் ஸ்டாப் லைட் என்ற நிலைக்குத் திருப்புங்கள். இரவில் சர்வீஸ் டிரைவ். திருப்ப வராது, ஏனென்றால் பூட்டு நெம்புகோல் ஒன்று இருக்கிறது. அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே பெரிய நெம்புகோலைத் திருப்ப வேண்டும்.

கேள்வி: வணக்கம் ஐயா. இடது பக்கப் பின்சக்கரத்தின் நட்டு எவ்வளவு நீளக் குழாய் போட்டு அழுத்தியும் அசையவில்லை. ஒரு ஸ்டட் முறிந்தே விட்டது. வெல்டிங் நெருப்பில் சூடாக்கட்டுமா?

நிறுத்துங்கள் ஐயா. இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மறை. நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஸ்டட்டின் நுனியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், 'எல்' என்ற எழுத்து தெரியும். கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் இளகும். டயரும் காற்றும் இருக்கும்போது ரிம் அருகில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது; உள்ளே காற்று சூடேறி வெடித்தால் ஆளையே தூக்கி எறியும்.

பின்சக்கரம் இரட்டை டயர். உள் டயரைப் பிடித்திருப்பது தொப்பி போன்ற உள் நட்டு. வெளி நட்டு அதன் மேல் மறையில் ஏறுகிறது. வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டு, உள்ளே தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் ஓட்டுபவர்கள் உண்டு. வெளி நட்டைக் கொஞ்சம் இளக்கி, உள் நட்டை இறுக்கி, மறுபடி வெளி நட்டை இறுக்க வேண்டும்.

ரிம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளையம் வைத்துப் பூட்டும் ரிம் இது. வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்ட பிறகே வளையத்தில் கை வைக்க வேண்டும். திரும்பக் காற்று நிரப்புவது இரும்புக் கூண்டுக்குள்தான். கூண்டு உங்களிடம் இல்லையென்றால், பெரிய லாரி டயர் வேலை செய்யும் கடைக்கே டயரைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எந்த எரிபொருளும் ஓடும் எஞ்சின் என்கிறார்களே, பழைய எஞ்சின் ஆயில், சமையல் எண்ணெய் ஊற்றலாமா?

ஓடும். ஜெர்மனியின் மான் நிறுவனம் கண்டுபிடித்த எரிப்பு முறையைக் கான்டினென்டல் நிறுவனம் வாங்கிச் செய்த எஞ்சின் இது. பிஸ்டன் தலையில் குடைந்த உருண்டைக் குழியின் சுவரில் எரிபொருளைப் படர விட்டு எரிக்கும் முறை. அழுத்த விகிதம் 22:1. அதனால் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் வரை ஏற்கும். ஆனால் போர்க்களத்தில் வேறு வழி இல்லாதபோது செய்வதற்கும், சொந்த வண்டியில் தினமும் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பெட்ரோலில் வழவழப்பு கிடையாது, பம்ப் தேயும். பழைய ஆயிலில் உலோகத் துகளும் கரியும் இருக்கும், வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் குளிரில் கெட்டியாகும். வாரக்கணக்கில் நின்றால் பம்ப்புக்குள் பிசினாகிவிடும். நான் நல்ல டீசலைத் தவிர வேறு எதுவும் ஊற்றுவதில்லை.

கேள்வி: மலைச் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. என்ன கவனிக்க வேண்டும்?

புறப்படும் முன் காற்று ஏறட்டும். 60 பிஎஸ்ஐ சுமாருக்குக் கீழே இருக்கும் வரை பஸ்ஸர் அலறும். அது நின்றதுமே கிளம்பாமல், முள் நன்றாக மேலே போகும் வரை பொறுத்திருங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சோதியுங்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. தளர்ந்திருந்தால் லீவரின் நுனிக் குமிழைத் திருகி இறுக்கலாம். கால் பிரேக் கைவிட்டால் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

கியரில் முதலாவதும் ரிவர்ஸும் வண்டி முழுக்க நின்ற பிறகே விழும். ஐந்தாவது ஓவர் டிரைவ், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழல வண்டி வேகமாக ஓடும் கியர். அது இறக்கத்துக்கு உதவாது. இறங்கத் தொடங்கிய பின் கியர் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் சுமையோடு சேர்ந்து வண்டி உங்களை இழுத்துப் போகும். மேலேயே நிறுத்தி, ஏறி வந்த கியரிலோ அதற்கு ஒன்று குறைத்தோ போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2600-ஐத் தாண்டக் கூடாது. நெருங்கினால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிரம் கொதித்து லைனிங் வழுக்கும்.

முன் அச்சு இயக்கத்தைச் சேற்றிலும் மணலிலும் மட்டும் போடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் திருப்பங்களில் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும்.

ஸ்டியரிங்கை வண்டி நகரும்போது மட்டும் திருப்புங்கள். கட்டை விரலை வளையத்துக்குள் சுற்றிப் பிடிக்க வேண்டாம். முன்சக்கரம் கல்லில் மோதினால் வளையம் சுண்டிச் சுழன்று விரலை உடைக்கும். தட்டையான சாலையில் 45, 50 மைலுக்கு மேல் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, டர்போ ஆறிய பின் ஸ்டாப் கேபிளை இழுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் அந்தக் கேபிளை உள்ளே தள்ள வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்று வரும் கடிதங்களில் பாதிக்கு அதுதான் பதில். ஏர் டேங்குகளின் அடி வால்வைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் இந்த லாரியின் பின்பெட்டியில், மடக்குப் பெஞ்சில், பிள்ளைகளை உட்கார வைத்து ஊர்வலம் போக ஆசைப்படுகிறார். சரிதானா?

வேண்டாம் அம்மா. அந்த மரப் பெஞ்சில் பெல்ட் கிடையாது, பிடிக்க ஒன்றும் கிடையாது, பின்பக்கம் ஒரு பட்டையைக் குறுக்கே மாட்டுவதுதான் காவல். திடீர் பிரேக்கில் பெரியவர்களே முன்னுக்கு உருண்டு போவார்கள். வண்டியை மைதானத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிள்ளைகளை ஏணி வழியாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் ஹோஸ்களைக் கடைசியாக எப்போது மாற்றினார் என்றும் கேட்டு எழுதுங்கள்.