முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தாமே, சாப்பிடலாமா?

என் அம்மாவுக்கு முடக்குவாதம். பல வருடங்களாக இந்த மாத்திரையில்தான் இருக்கிறார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவர் எழுதியிருந்தால் தைரியமாக ஆரம்பியுங்கள்.

புற்றுநோய்க்கும் இதே மருந்துதான், உண்மை. ஆனால் அங்கே கொடுக்கும் அளவு மிக அதிகம். மூட்டுக்கு வாரத்தில் ஒரே நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராமுக்குள். அமெரிக்காவில் 1988லேயே இந்த நோய்க்கு அனுமதி கிடைத்துவிட்டது. இன்றும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதுவது இதைத்தான்.

பயப்பட வேண்டியது கிழமை விஷயத்தில். தெரியாமல் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் வீட்டில் அட்டையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிதாக எழுதி, தனி டப்பாவில் வைத்திருக்கிறோம். 2.5, 10 மில்லிகிராம் என்று வேறு வேறு அளவில் வரும், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட்டை விட்டுவிடாதீர்கள். வாய்ப்புண், குமட்டலை அதுதான் குறைக்கிறது.

அப்புறம் பொறுமை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் குறைந்த அளவில் ஸ்டீராய்டு தருவார்கள். அது வேகமாகக் கேட்கும், அதனாலேயே பலர் அதைப் பிடித்துக்கொண்டு இதை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும். மூட்டு எலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பது மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துகள்தான். காலையில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் விறைத்துப்போயிருந்த அம்மாவின் விரல்கள் மெல்ல மெல்லத்தான் மடங்க ஆரம்பித்தன.

இது போதவில்லை என்றால் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சேர்ப்பார்கள். அதற்கும் மேலே அடலிமுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மது வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு நோய்க்கு ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை அவரிடமும் சொல்லுங்கள். ட்ரைமெத்தோப்ரிம் கலந்தவை இதோடு சேரவே கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் அடுத்த வார மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.